ரன்னருக்கு இரண்டு நிமிட மௌனம்

கீழே வருவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. உச்சிப்பிள்ளையார் சாட்சி. அவர் அத்தனை உயரத்திலிருந்து எதைப் பார்த்திருக்கப் போகிறார் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, தெப்பக்குளத்து ஓரத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் சாட்சி. அவரும் போதாதென்றால் காவிரித் தண்ணீரைக் கையில் ஏந்திச் சத்தியம் செய்யவும் தயார். இந்த வருஷம்தான் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதே.

மன்னார்புரத்தில் காவிரி கொள்ளிடம் படித்துறை அறிவிப்பு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. முக்கொம்பு அணையில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டால், படித்துறைகளில் குளித்துக்கொண்டிருப்பவர்களின் செல்போனுக்கு 'தண்ணீர் வருகிறது, மேலே ஏறுங்கள்' என்று செய்தி அனுப்புவது அதன் வேலை. குளிக்கிறவன் கையில் செல்போன் எப்படி இருக்கும் என்று தொடக்க விழாவிலேயே ஓர் அதிகாரி கேட்டார். அவரை ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். கரையில் துணிக்குக் காவல் இருப்பவர் படித்துச் சொல்லட்டும் என்று பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது.

வாரியத்தில் பிரிவுகள் எத்தனை என்று வாரியத்துக்கே தெரியாது. ஆனால் அந்தச் செய்தி போவதென்னவோ ருக்ஸாரின் ஆள்காட்டி விரலால்தான். பாலக்கரையிலிருந்து வரும் ஒப்பந்தப் பொறியாளர் அவள். மணிக்கு ஒருமுறை அவள் தன் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்துவாள். உடனே ஒரு கணினி நிரல் ஓடி, முக்கொம்பின் நீர் அளவைப் படித்து, ஆபத்து என்றால் செய்தி அனுப்பும். அவள் அழுத்தாவிட்டால் நிரல் ஓடாது. விளக்கு வைத்த பிறகு காவிரிக்கு வாரியம் பொறுப்பல்ல என்று இன்னொரு சுற்றறிக்கை இருந்ததால், ராத்திரியில் மட்டும் அவளுக்குத் தூக்கம் கிடைத்தது.

இந்த நிலையில்தான் அவளுடைய தங்கை இன்ஷாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் துபாயில் கிடைத்த லீவு கொஞ்சம். மஹால் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. ருக்ஸார், லீவும் பணிப் பதிவேடும் பார்க்கும் பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் டெல்பினிடம் போய் நின்றாள்.

"மேடம், ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்கு நிக்காஹ். அன்னைக்கு ஒரு நாள் லீவு வேணும்."

"ஞாயித்துக்கிழமைக்கு லீவு கேக்குற மொத ஆளு நீதாம்மா" என்று சிரித்த டெல்பின், காலண்டரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "ஐயய்யோ, ஆடிப்பெருக்குல்ல அது! அன்னைக்கு ஆத்துல கால் வெக்க எடம் இருக்காது. வருஷத்துல உனக்கு வேலையே அன்னைக்குத்தான்."

"கூடப் பொறந்தவ ஒருத்திதான் மேடம் எனக்கு."

"எனக்குப் புரியுதும்மா. ரூலுக்குப் புரியணுமே? பொத்தான அமுக்க வேற ஆளக் காட்டு, போயிட்டு வா."

"ஆளே வேணாம் மேடம். ரன்னர் வெச்சுடலாம்."

ரன்னர் என்பது ஒரு சின்ன நிரல். மெஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு வேலை வந்ததா, வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வந்ததும் செய்யும். விரல் வேண்டாம். வெளியூர்க் கம்பெனிக்காரர்களின் மெஷினிலேயே வாடகைக்கு ஓட்டலாம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று ருக்ஸார் சொன்னாள். டீ ஆறுவதற்குள் எதுவும் முடிவது வாரியத்துக்குப் பழக்கமில்லை. ஆகவே இயக்குநர் நவநீதன் கூட்டம் போட்டார்.

"தண்ணிக்குத்தான் காலங்காலமா அடுத்தவன் கதவத் தொறப்பானான்னு பாத்துக்கிட்டிருக்கோம். தண்ணி வருதுங்கற தகவலுக்குமா அடுத்தவன் மெஷின நம்பணும்?" என்று மேஜையைத் தட்டினார். "நம்ம ஸ்ரீரங்கம் கிளையில நம்ம மெஷின் இருக்கு. சொந்த மண்ணு, சொந்த மெஷினு, சொந்த ரன்னரு! அது ஓடலைன்னாலும் பரவாயில்ல. ஓடாம இருக்கறது நம்மளுதா இருக்கணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். ருக்ஸாரும் தட்டினாள். லீவு வேண்டுமே.

ஸ்ரீரங்கம் கிளை கொள்ளிடக் கரைப் பக்கம் இருந்தது. அங்கே பல மெஷின்களை ஒரே கூட்டமாகப் பிணைத்து வைத்திருந்தார்கள். நிரல்களைச் சின்னச் சின்ன கன்டெய்னர்களில் அடைத்து அந்தக் கூட்டத்துக்குள் விட்டால், ஒன்று விழுந்தாலும் இன்னொன்று தானாக எழும் என்பது ஏற்பாடு. கிளை மேலாளர் ஸௌம்யநாராயணன் அந்த அறை வாசலில் மாக்கோலம் போட வைத்திருந்தார். ஈரக்கை, செருப்பு, ஒப்பந்த ஊழியர் மூன்றுக்கும் உள்ளே அனுமதி இல்லை. ருக்ஸார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளே கறுப்புப் பெட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனத்தோடு இருந்தன.

"நாலு வருஷம் முன்னாடி இங்கே ஏளப் பண்ணி வெச்சது" என்றார் ஸௌம்யநாராயணன், குரலைத் தாழ்த்தி. "மத்த ஆபீஸ் மெஷினெல்லாம் ஹோன்னு இரையும், அனலா கொதிக்கும். இங்கே பாருங்கோ, ஒரு சத்தம் உண்டா? ஒரு சூடு உண்டா? எல்லாம் யோக நித்திரை. பெருமாள் பக்கத்துல இருக்கற விசேஷம்."

"உள்ள போய் ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா சார்?"

"சேவிச்சாச்சோன்னோ? போறும். மிச்சத்த மன்னார்புரத்துலேர்ந்தே பண்ணிக்கோங்கோ."

பண்ணிக்கொள்ளலாம்தான். லேப்டாப்பிலிருந்தே எல்லாம் முடியும். ஆனால் ரன்னரை அந்தக் கூட்டத்தில் சேர்க்க ஒரு டோக்கன் வேண்டும். எழுத்தும் எண்ணுமாக நீளமான ரகசியச் சொல் அது. கேட்டால் உடனே கிடைக்கும். கிடைத்த ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அதற்குள் லேப்டாப்பில் போட்டுவிட வேண்டும்.

"அதெப்படி நீயா போட முடியும்?" என்றார் டெல்பின். "எந்த டோக்கனுக்கு அனுமதியோ அந்த டோக்கனத்தான் போடணும். அனுமதி ஒண்ணுக்கு, போட்டது ஒண்ணுன்னா ஆடிட்ல யாரு பதில் சொல்றது? ஃபைல்ல எழுதும்மா."

ரகசியச் சொல் மூன்று பிரதிகளில் டைப் செய்யப்பட்டது. ஃபைல் கடைநிலை ஊழியரின் கையில் பஸ் ஏறியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு தாண்டி, காவிரிப் பாலத்தில் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று, ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது டோக்கனுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தது. ஸௌம்யநாராயணன் பேனாவைத் திறந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மூடினார்.

"ராகு காலம். முடியட்டும், போடறேன்."

ராகு காலத்துக்கு ஆயுள் ஒன்றரை மணி நேரம். டோக்கனைவிட ராகு பலசாலி.

மறுநாள் இன்னொரு டோக்கன் பாலத்திலேயே உயிர்விட்டது. அதற்கடுத்தது மன்னார்புரத்திலேயே, டெல்பின் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது போனது. விஷயம் இயக்குநரிடம் போயிற்று. அவர் ஓர் ஆணை பிறப்பித்தார்: டோக்கனின் ஒரு மணி நேரம் என்பது அலுவலக வேலை நேரத்தில் மட்டும், உணவு இடைவேளை, பஸ் பயணம், ராகு காலம், குளிகை ஆகியவை நீங்கலாகக் கணக்கிடப்படும். நகல்: அனைத்துப் பிரிவுகள், ஸ்ரீரங்கம் கிளை, டோக்கன்.

டோக்கன் இந்த ஆணைக்குக் கட்டுப்படவில்லை. ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்று அதற்கு ஒரு மெமோ தயாரானது.

வீட்டில் இன்ஷா நாள்தோறும் ஒரே கேள்விதான். "அக்கா, நீ இருப்பல்ல?" ருக்ஸார் 'இருப்பேன்' என்பாள். ராத்திரி உம்மா கமருன்னிசா மட்டும் தனியாகக் கேட்பாள், "நெசமாவா?" ருக்ஸார் லேப்டாப்பைத் திறந்துகொள்வாள்.

வாரியத்தில் கையெழுத்துப் போட வேண்டிய எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருப்பது எப்போது? ருக்ஸார் யோசித்துப் பார்த்தாள். வேலை நேரத்தில் அப்படி ஒரு சம்பவம் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் பிரிவு உபசார விழா என்றால், ஸ்ரீரங்கத்திலிருந்துகூட ராகு காலத்துக்கு முன்பே கிளம்பி வந்துவிடுவார்கள். நிக்காஹுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை யாருக்கோ விழா இருந்தது. ஓய்வு பெறுகிறவர் யார் என்று மேடையில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. பொன்னாடை உண்டு, கேசரி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதிகாரிகள் பதவி வரிசையில் மேடையில் உட்கார்ந்தார்கள். ஃபைல் போக வேண்டிய அதே வரிசை. ருக்ஸார் மேடைக்குக் கீழே லேப்டாப்பைத் திறந்து டோக்கனை வாங்கினாள், எழுதினாள், ஃபைலை வரிசையின் கடைசி ஆளிடம் நீட்டினாள். மேடையில் கைக்கு வருகிற எதுவும் நினைவுப் பரிசு சம்பந்தப்பட்டது என்பது வாரியத்தின் நம்பிக்கை. ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். டெல்பின் போட்டார். ஸௌம்யநாராயணன், "நல்ல முகூர்த்தம்" என்று சொல்லிப் போட்டார்.

மீதி இயக்குநர் ஒருவர்தான். அவர் மைக்கில் இருந்தார்.

"காவிரி எப்படிப் பிறந்தது?" என்று தொடங்கியிருந்தார். அது குடகில் பிறந்து, வளர்ந்து, மேட்டூர் வருவதற்குள் டோக்கனின் பாதி ஆயுள் போய்விட்டது. கரூர் வந்தபோது ருக்ஸாருக்கு வியர்த்தது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிந்ததும் அவர் முதலில் கொள்ளிடம் வழியே கிளம்பினார். இனி அவர் கடலில் கலந்துவிட்டுத் திரும்பி வந்து காவிரியைப் பிடிக்க வேண்டும். ருக்ஸார் தாம்பாளத்திலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்தாள். ஃபைலை அதற்கடியில் வைத்தாள். மேடை ஏறி அவர் தோளில் போர்த்தினாள். பொன்னாடை போர்த்தினால் எதற்கு என்று கேட்பவரல்ல அவர். பேச்சை நிறுத்தாமலே ஆடைக்கடியில் நீட்டிய பேனாவை வாங்கி, நீட்டிய இடத்தில் கிறுக்கினார்.

அவர் கடலில் கலப்பதற்குள் ருக்ஸார் டோக்கனைப் போட, ரன்னர் மெஷின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

ஆனால் ஒரு வேலையைச் செய்கிறவர் பெயர் பணியமைப்பில் இருக்க வேண்டும். செய்தியை அனுப்பியது யார் என்று ஆடிட்டர் கேட்டால் காட்ட ஓர் ஆள் வேண்டாமா? டெல்பின் சாயங்காலமே ரன்னருக்குப் பணிப் பதிவேடு திறந்தார்.

"அப்பா பேரு?"

"இல்ல மேடம்."

"அங்க அடையாளம்?"

"இல்ல மேடம். அங்கமே இல்ல."

"சரி, நாமினி? யாராவது ஒரு ரத்த சொந்தம் வேணும்மா. காலியா விட்டா சம்பளப் பட்டியல்ல ஏறாது."

"நான்தான் மேடம் எழுதினேன் அத."

"அப்ப நீதான் தாய் ஸ்தானம்" என்று ருக்ஸார் பெயரை எழுதி முத்திரை குத்தினார்.

அடுத்த மணி அடித்தது. ரன்னர் தானாக எழுந்தது, முக்கொம்பின் அளவைப் படித்தது, ஆபத்தில்லை என்று குறித்தது, மறைந்தது. ருக்ஸார் துள்ளிக் குதிக்காத குறைதான். டெல்பின் திரையைப் பார்த்தார்.

"ரன்னர் எங்கம்மா?"

"வேலைய முடிச்சுட்டு அழிஞ்சுடுச்சு மேடம். அப்படித்தான் செட் பண்ணியிருக்கேன். ஒரு வேலைக்கு ஒரு ரன்னர். அடுத்த மணிக்குப் புதுசா ஒண்ணு வரும். அதான் சுத்தம்."

டெல்பின் மெதுவாக எழுந்து நின்றார். "சேர்ந்த அன்னைக்கே போயிடுச்சா? கர்த்தரே! வேலை செஞ்சு செத்தவங்க நம்ம ஆபீஸ்ல இதுவரைக்கும் ஒருத்தருமில்லையேம்மா."

கேசரித் தட்டுகளை எடுப்பதற்குள் அதே மேடையில் இரங்கல் கூட்டம் நடந்தது. மாலை மிச்சம் இருந்தது வசதியாகப் போயிற்று. பொன்னாடையோடேயே இயக்குநர் பேசினார்.

"வந்தார். வேலையைச் செய்தார். போனார். இந்த மூன்றில் நடுவில் உள்ளதை நம் வாரியம் இதுவரை கண்டதில்லை. லீவு கேட்டாரா? இல்லை. பஞ்சப்படி கேட்டாரா? இல்லை. ஏன் என்று ஒரு கேள்வி கேட்டாரா? இல்லவே இல்லை! இப்படிப்பட்ட ஊழியர்களைத்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் குடும்பத்தை வாரியம் கைவிடாது. அடுத்து வரும் ரன்னருக்குக் கருணை அடிப்படையில் நிரந்தரப் பணி வழங்கப்படும்!"

இரண்டு நிமிட மௌனம் அனுஷ்டித்தார்கள். மௌனம் கலைந்ததும் பின்வரிசையில் மூக்கன் எழுந்தார். அம்மா மண்டபத்துப் படித்துறையில் பாசி வழிக்கிற தினக்கூலி.

"ஐயா, தலை நரைக்கிற வரைக்கும் தற்காலிகமாவே இருக்கேன். இது காலைல இல்ல, சாயங்காலம் இல்ல, இதுக்கு நெரந்தரமா? நானும் செத்தாத்தான் குடுப்பீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க மூக்கன்" என்றார் இயக்குநர். "ரன்னர் செஞ்சதுக்கு ரெக்கார்டு இருக்கு. நீங்க செஞ்சதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் வழிக்கலன்னா அத்தன பேரும் வழுக்கி உழுந்திருப்பாங்கய்யா!"

"அதத்தான் கேக்கறேன். யாராவது விழுந்திருந்தா ஆதாரம் இருக்கும். இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட விழலையே!"

மூக்கன் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க மணிக்கொரு ரன்னர் பிறந்து, வேலை செய்து, இறந்தது. மணிக்கொருமுறை வாரியம் எழுந்து நின்றது. கான்டீனில் வடை கருகியது. ருக்ஸாருக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. விரல் தேவையில்லை என்று நிரூபணமாகிவிட்டது. லீவு விண்ணப்பத்தோடு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"வாம்மா. நல்ல காரியம் பண்ணின. ஆனா லீவு மட்டும் கேக்காத" என்றார் நவநீதன். "ஒவ்வொரு மரணத்தையும் ஒருத்தர் நேர்ல பாத்து உறுதிப்படுத்தணும்ல? நாளைக்கு நாள் முழுக்க நீ இங்க இருந்தே ஆகணும்."

அவள் படியிறங்கி வந்தாள். செல்போன் அடித்தது.

"அக்கா, மருதாணி வெக்கறவங்க வந்துட்டாங்க. உனக்கும் வெக்கச் சொல்லிட்டேன். எத்தன மணிக்கு வர?"

ருக்ஸார் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். "ஒரே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்டி" என்றாள். அப்படியே திரும்பி டெல்பினின் மேஜைக்குப் போனாள். முகத்தைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டாள்.

"மேடம், ரத்த சொந்தம் யாராவது இறந்துட்டா நாமினிக்குத் துக்க விடுப்பு உண்டுல்ல?"

டெல்பினின் கை அப்படியே நின்றது. பதிவேட்டைப் புரட்டினார். தன் கையெழுத்தை, தான் குத்திய முத்திரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பாவிம்மா நான்! கேக்கவே மறந்துட்டேனே. நேத்துலேர்ந்து எத்தன பேரப் பறிகொடுத்திருக்க! ஒண்ணு ஒண்ணுக்கும் மூணு நாள் உண்டு." கால்குலேட்டரைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருக்கும்போது அடுத்த மணி அடித்தது. எழுந்து நின்றுவிட்டு, உட்கார்ந்து மறுபடி சேர்த்தார். "இந்த வேகத்துல போனா நீ ரிடையர் ஆகற வயசையும் தாண்டிப் போகுதும்மா. ஒப்பந்த ஊழியருக்கு ரிடையர்மென்ட் வேற இல்ல. சரி, மொதல்ல வீட்டுக்குப் போ. இந்த நேரத்துல நீ குடும்பத்தோட இருக்கணும்."

விதிப்படி வழங்கிய துக்க விடுப்பை ரத்து செய்ய இயக்குநருக்கும் அதிகாரம் இல்லை. மரணங்களை உறுதிப்படுத்த அவரே ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார வேண்டியதாயிற்று.

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் புதுத் தாலிக் கயிறும் காதோலை கருகமணியுமாகப் படி தெரியாமல் கூட்டம். உச்சி வெயிலில் முக்கொம்பில் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். ரன்னர் எழுந்தது, படித்தது, அனுப்பியது, இறந்தது. கரையில் துணிக்குக் காவல் இருந்தவர்கள் ஒரே குரலில் கூவ, அத்தனை பேரும் மேலே ஏறினார்கள். மூக்கன் வழித்த படியாயிற்றே, ஒருவரும் வழுக்கவில்லை. மூக்கனுக்கு மறுபடியும் ஆதாரம் இல்லாமல் போயிற்று.

அதே நிமிடம் பாலக்கரை மஹாலில் ருக்ஸாரின் கைப்பையில் செல்போன் அதிர்ந்தது. பக்கத்தில் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த இன்ஷா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. தண்ணி வருதாம்."

"நீ அழுத்த வேணாமா?"

ருக்ஸார் மருதாணி சிவந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உம்மா திரும்பிப் பார்த்து முறைத்தாள்.

பிரியாணி பரிமாறும்போது டெல்பின் அழைத்தார். பின்னணியில் நாற்காலிகள் நகரும் சத்தம்.

"இப்பத்தாம்மா இன்னொண்ணு போச்சு. எல்லாரும் நிக்கறோம். டைரக்டருக்கு முழங்கால் வீங்கிடுச்சு, ஆனாலும் உக்கார மாட்டேங்கறார். நீ மனசத் தேத்திக்கம்மா."

"தேத்திக்கிட்டுதான் மேடம் இருக்கேன்" என்றாள் ருக்ஸார், வாயில் எலும்போடு.

சொன்னதெல்லாம் சத்தியம். ஒரே ஒரு விவரம்தான் விட்டுப்போயிற்று: அந்த மெஷின்கள் யோக நித்திரையில் இருக்கும் ஸ்ரீரங்கம் கிளைக் கட்டடத்துக்கு மின் இணைப்பு கேட்டு வாரியம் இன்றுவரை விண்ணப்பமே போடவில்லை.